கூறுவிலை

விடிய நாலரைக்குப் பாசையூர்ச் சந்தையில்
மீன் கூறுகிறவன் நான்.
பின்னேரம் கோயில் மைதானத்தில்
மைக் பிடிக்கிறவனும் நான்தான்.
ஒரே தொண்டை.
பாரைக்கும் பந்துக்கும் அது போதுமாயிருந்தது.

மைக்கில் சொல்ல அதிகம் இருக்காது:
அடித்தது யார், யாருடைய மகன்,
கோலுக்குப் பின்னால் சைக்கிள் விட்டவர்
தயவுசெய்து வந்து எடுக்கவும்.
வென்றவர்களுக்குச் சோடாவும் கொத்துரொட்டியும்.
தோற்றவர்களுக்குச் சோடா இல்லை.

நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை.
நடுவரை ஒருமுறை கிணற்றடி மட்டும் துரத்தினோம்.
றெக்சனின் முழங்கால் போனபோது
கழகம் ஒரு பழத்தட்டுக் கொடுத்தது;
அவன் இன்னும் நொண்டித்தான் வலை இழுக்கிறான்.
எந்தப் பிள்ளை எங்கள் மைதானத்தில் இறங்கலாம்,
எந்தப் பிள்ளை இறங்கக்கூடாது என்று
எழுதாத பட்டியல் ஒன்றும் இருந்தது.
அதை அறிவிக்க மைக் தேவைப்படவில்லை.

போன ஆவணியில் கறுப்புக் காரில் வந்தார்கள்.
உதைபந்துக்கு லீக்காம். எட்டு அணி.
அணிக்கொரு முதலாளி:
கனடாவில் மூன்று பேர், சுவிசில் இரண்டு பேர்,
மற்றதெல்லாம் இங்கத்தைய கொம்பனிகள்.
விளையாட்டுக்காரரை ஏலத்தில் எடுப்பார்களாம்.
"அண்ணை, உங்கட குரல்தான் வேணும்."
கோட் ஒன்று தந்தார்கள்.
கை நீளம். உள்ளே மடித்து ஊசி குத்தினாள் மனிசி.

ஹோட்டல் மண்டபம். குளிர்.
ஒருவரும் கத்தவில்லை.
இலக்கம் போட்ட மட்டையை
ஈ கலைப்பதுபோல உயர்த்தினார்கள்.
சந்தையில் மீன் என்னைப் பார்ப்பதில்லை.
இங்கே மீன்கள் முன்வரிசையில் இருந்தன,
தலைக்கு ஜெல் பூசி,
தங்கள் விலை ஏறவேண்டும் என்று
வாய்க்குள் செபமாலை சொல்லிக்கொண்டு.

அதில் ஒருவன் மரியநாயகத்தின் கடைசி,
யூட் நிறோசன். பத்தொன்பது வயது. இடதுகால்.
திரையில் அவன் உயரம், நிறை,
முப்பது மீற்றர் ஓட எத்தனை செக்கன் என்பது.
ஐஸ் பெட்டி சுமந்து ஓடிய செக்கனுக்கு
அதில் கட்டம் இல்லை.

ஒரு லட்சம். ஒன்றரை.
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
ஒருதரம்.
இரண்டுதரம்.
எனக்குத் தொண்டை அடைத்தது என்று எழுதினால் பொய்.
நன்றாகவே வந்தது, பழகிய வாய்.
மூன்றுதரம்.
வவுனியா எடுத்தது.

பிறகு இரவு ஆட்டம். வெளிச்சத்தில்
புல்லின் பச்சை கொஞ்சம் பொய்போலத் தெரிந்தது.
வானத்தில் ட்ரோன் ஒன்று தும்பிமாதிரி.
எதிரே நின்ற கோலி அவனுடைய பெரியம்மாவின் மகன்.
நிறோசன் இடதுகாலால் வளைத்துவிட்டான்,
நாங்கள் ஆயிரம் தரம் பார்த்த அதே வளைவு.
பாசையூர்ச் சனத்துக்குக்
கைதட்டுவதா விடுவதா தெரியவில்லை.
அவன் வேலிப்பக்கம் இரண்டு அடி ஓடி,
ஏதோ நினைவு வந்தவன்போலத் திரும்பி,
கமராவுக்கு முன்னால் போய்
விரல்களால் இதயம் பிடித்தான்.

என் கையில் அச்சடித்த தாள்.
"இந்தக் கோலை உங்களுக்கு வழங்குவோர்..."
வழங்குவோரை முழுக்க வாசித்தேன்.
"அடித்தது, பதினேழாம் இலக்கம்."
அதோடு நிறுத்தவேண்டும்.
"மரியநாயகத்தின்ர மகன்" என்றேன்.
ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான பெடியன்
அதற்குள் சத்தத்தைக் குறைத்துவிட்டான்.
எனக்கு மட்டும் கேட்டது.

அடுத்தநாள் நாலரை.
மரியநாயகம் ஒரு கூடை விளைமீன் கொண்டுவந்து கொட்டினான்.
மகன் காசில் இயந்திரக் கடன் பாதி முடிந்ததாகக் கேள்வி.
ஏதும் நல்லதாய்ச் சொல்வான் என்று பார்த்தேன்.
வெறுங்கூடையைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னான்:
"நீ சுறுக்கா விட்டிட்டாய் மச்சான்.
அந்தச் சுவிஸ்காரன் மட்டையை இன்னும்
கீழ வைக்கேல்லையாம்.
மூண்டு மட்டும் போயிருக்கும்."

அன்றைக்கு அவனுடைய மீனை
ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில்
மூச்செடுத்து மூச்செடுத்துக் கூறினேன்.
ஐம்பது ரூபா ஏறியது.